பன்னிரண்டு மேசைகள், நாற்பத்தெட்டு சக்கரங்கள்

அன்று காலை நடந்தவை, வரிசைப்படி:

1. பத்தேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது.
2. பத்தரைக்கு நான் பேச ஆரம்பித்தேன்.
3. பத்து முப்பத்தைந்துக்கு, என் சொல்லைக் கேட்டு, பன்னிரண்டு மேசைகளின் சக்கரப் பூட்டுகளும் திறக்கப்பட்டன.
4. பத்து முப்பத்தேழுக்கு விளக்கு அணைந்தது.

நான்காவதில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அதை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியும் என்று பார்க்கிறேன்.

பட்டியல் போடுவது என் பழக்கம். கட்டடக்கலை படித்துவிட்டு சேலத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்த பிறகு, தனிப் பொறுப்பில் கிடைத்த முதல் வேலை அது. நூற்றுப் பதினாறு வரியில் பட்டியல் வைத்திருந்தேன். (காலணி வைக்கும் தட்டின் ஆழம்கூட அதில் உண்டு.)

ஏற்காட்டில், வாழவந்தி போகும் வழியில், பூங்கோதை அம்மாவின் காபி எஸ்டேட். காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவுகிற பழைய கொட்டகை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வருகிறவர்களும் வீட்டிலிருந்தே வேலை செய்கிற உள்ளூர் ஆட்களும் ஒன்றாக உட்காரும் பொதுப் பணிக்கூடமாக அதை மாற்ற வேண்டும். உள்ளே சுவரே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மேசை, நாற்காலி, துணித் தடுப்பு எல்லாவற்றுக்கும் சக்கரம். காலையில் தனித்தனி, மதியம் வட்டம், மாலையில் வகுப்பறை. ‘இடம் நெகிழ்ந்தால் மனிதர்கள் நெருங்குவார்கள்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். (இருபத்தாறு வயது. அப்படித்தான் எழுத வரும்.)

எஸ்டேட்டில் இன்னும் இரண்டு கொட்டகைகள் இருந்தன. திறப்பு விழா பிடித்திருந்தால் அவற்றை மாற்றும் வேலையும் எனக்கு. இல்லாவிட்டால், ஹோம்ஸ்டே நடத்தக் கேட்டு நடையாக நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு. ஒப்பந்தம் பூங்கோதை அம்மாவின் கைப்பையில் இருந்தது. காலையிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிடப் பையைப் பார்த்ததுதான் அதிகம்.

தரையை நான் அளக்காமல் இல்லை. நான்கு மூலையிலும் மட்டம் பார்த்தேன். நான்கும் ஒரே மட்டம். டிக். கூடத்தின் நடுவில் ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று சிமெண்ட் பூசி மூடச் சொன்னேன். டிக். அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற கேள்வி, ஐந்து வருடம் கட்டடக்கலை படித்த எனக்கு வரவில்லை.

வேலை முடியும்வரை தரையில் சாக்கு விரித்திருந்தோம். அன்று காலைதான் எடுத்தோம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் கந்தசாமி வாசலில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். அது மெதுவாக உருண்டு போய்க் கூடத்தின் நடுவில் நின்றது.

“நொம்ப நல்ல சகுனங்க,” என்றார் ரைட்டர்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

விளக்கு சிறியது. எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று ஒரு மேசை மேல் வைக்கச் சொன்னதும் நான்தான். பேசி முடித்து, “இப்போது மூன்று நிமிடத்தில் இந்தக் கூடம் மாறப்போகிறது. எல்லோரும் சக்கரங்களில் இருக்கிற சிவப்புப் பூட்டைத் திறந்துவிடுங்கள்,” என்றேன். டக் டக்கென்று சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு கணம் எதுவும் ஆகவில்லை.

முதலில் ஜன்னலோர மேசை கிளம்பியது. அதில் டைப் செய்துகொண்டிருந்த பெங்களூர்ப் பெண், விரலை எடுக்காமல், நாற்காலியோடு பின்னாலேயே போனாள்.

“ஏனுங்க மேடம், மேசை நகருதுங்களே,” என்றார் ரைட்டர்.

“நகரத்தாங்க சக்கரம்,” என்றேன்.

அதற்குள் பன்னிரண்டும் கிளம்பிவிட்டன. வேகமாகப் போயிருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். அவை நான்கு பக்கமிருந்தும் சப்பரம் மாதிரி நிதானமாக வந்தன. எல்லோரும் தத்தம் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கைப் பிடிக்க ஒரு கை மிச்சமில்லை. விளக்கு மேசை கிழக்கிலிருந்து வந்தது. மேற்கிலிருந்து எட்டடி உயரத் துணித் தடுப்பு வந்தது. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

ஓடிப்போய் நடுவில் நின்றேன். ஒரு கையில் மேசை, மறு கையில் தடுப்பு. என் முதுகில் இன்னொரு மேசை வந்து முட்டியது. துணிக்கும் ஐந்து சுடருக்கும் இடையே ஒரு சாண்.

“வெளக்க அணைங்க,” என்றார் யாரோ.

“வாயால ஊதிறாத கண்ணு,” என்றார் பூங்கோதை அம்மா. “தொறப்பு விழா வெளக்கு. பூவ வெச்சுத்தான் குளிர வெக்கோணும்.”

“பூ எங்கேங்க?”

“பூத்தட்டு அந்த மேசைல போயிட்டிருக்குதுங்க,” என்றார் ரைட்டர்.

“ஒரு சொட்டுப் பால் விட்டாலும் போதும்,” என்றார் என் அம்மா. விழா பார்க்க வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தவர், இதற்குள் நாற்காலியோடு பாதி தூரம் வந்திருந்தார்.

“பாலெல்லாம் காபில கலந்தாச்சுங்களே,” என்றார் ரைட்டர்.

“அப்ப காபிய விடலாமா?”

கூடாது, அதில் சர்க்கரை இருக்கிறது என்றார் ஒருவர். சர்க்கரை மங்கலம்தானே என்றார் இன்னொருவர். ஒரு சாண் இரண்டு விரல் அகலமானது. துணியின் ஓரம் பழுப்பாகி, கருகல் வாசனை வந்தது.

நான் ஊதினேன். ஐந்து முகத்தையும், ஒரே மூச்சில்.

கடைசி மேசை வந்து இடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பூங்கோதை அம்மா திரியிலிருந்து எழும் புகையைப் பார்த்தார். நடுவில் குவிந்து கிடந்த மேசைகளையும், அவற்றுக்கு நடுவே என்னையும் பார்த்தார்.

“எல்லாரும் ஒண்ணா சேரோணும்னு சொன்னியே சாமி. சேந்துருச்சு.”

நான் பையைப் பார்த்தேன்.

“காபி கழுவற தண்ணியெல்லாம் நடுவுக்கு ஓடட்டும்னு வாட்டம் வெச்சுப் போட்ட தரை இது. நீ அளக்கலியா?”

“அளந்தேங்க. நாலு மூலையும் சரியா இருந்துச்சுங்க.”

“மூலைல ஆரு கண்ணு உக்காரப் போறாங்க?”

பையைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பையை மூடினார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. எங்கள் வீட்டில் கட்டில், பீரோ எது வாங்கப் போனாலும் அம்மா கடைக்காரரிடம் ஒன்றுதான் கேட்கிறார்: “ஏனுங்க, இது தானா நம்மகிட்ட வருமா, இல்ல நாமதான் அதுகிட்டப் போவோணுங்களா?” என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் முழுக்கதையும் சொல்லப்பட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தகவல் இல்லை.

கொட்டகைகள் இரண்டும் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. பணிக்கூடம் நடக்கிறது, மேசைகளின் சக்கரங்கள் கழற்றப்பட்டுவிட்டன. அலுவலகத்தில் இப்போது எனக்குக் குளியலறைகள் மட்டும் கொடுக்கிறார்கள். தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் குறிப்பது என் பொறுப்பு. இதுவரை புகார் எதுவும் வரவில்லை.