ஒரு விரலில் எழும்பிய பெட்டி

"அங்கை பாருங்கோ அண்ணை! சூசைதாசன் பெட்டியை ஒரு விரலிலை தூக்கிறார்!"

சாவகச்சேரியில் எதிரெதிராக இரண்டு வெல்டிங் கடைகள். கனகசபாபதியிடம் லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் பெட்டி வாங்க வந்த சோமசேகரம், வாயைப் பிளந்தபடி எதிர்க்கடையைக் காட்டினார். அங்கே உயரமான பக்கத் தகடுகளோடு ஒரு புதுப் பெட்டி, நடுவில் பூட்டிய இரண்டு சக்கரங்களில் நின்றது. அதன் முன்தண்டைச் சூசைதாசன் சுட்டுவிரலால் தூக்கினார். இந்தப் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

கனகசபாபதிக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் பெட்டியின் தண்டைப் பிடித்தார். இரண்டு கையாலும் முக்க வேண்டியிருந்தது.

"பாரம் கூடினால் டீசல் குடிக்குமெல்லோ," என்றார் சோமசேகரம். "நாளைக்குப் பின்னேரம் வாறன். உங்கடையும் விரலிலை எழும்பினால் எடுக்கிறன். இல்லாட்டி அங்கை போறன்."

அவர் போனதும் கனகசபாபதி மனைவி இராசமலரிடம் பொருமினார். "உவன்ரை எடுப்பைப் பார்! எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவன்! எங்கையெங்கை பாரம் குறைக்கலாமோ, அங்கையெல்லாம் குறைக்கிறன்."

முதலில் பின்கதவைக் கழற்றினார். தண்டைத் தூக்கினால் முன்னையைவிடக் கனத்தது.

"இதென்ன புதினம்! கழட்டக் கழட்டக் கனக்குது," என்றாள் இராசமலர்.

"நீ சும்மா இரு!"

பின்பக்கச் சட்டத்தை வெட்டினார். இன்னும் கனத்தது. சோற்றில் கை வைத்தாலும் சூசைதாசனின் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. பாதிச் சாப்பாட்டில் எழும்பி வந்து, தடித்த அடித்தகட்டைக் கழற்றி மெல்லியது போட்டார். அடிச்சட்டம் முழுக்க ஓட்டை துளைத்தார். பெட்டி எழும்பவில்லை, விரல்தான் வீங்கியது.

"நல்ல பெட்டியப்பா, விடுங்கோவன்," என்றாள் இராசமலர்.

"அவனுக்கு எழும்புதே!" கனகசபாபதி அழாக்குறையாகக் கத்தினார்.

மறுநாள் சொன்னபடி சோமசேகரம் வந்தார். பலம் பார்க்கப் பெட்டிக்குள் ஏறி ஒரு மிதி மிதித்தார். டமார்! அடிச்சட்டம் வளைந்து பெட்டி நடுவில் தொய்ய, மனுசன் குப்புற விழுந்தார்.

"எனக்கு உங்கடை பெட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!" முழங்காலைத் தடவியபடி இறங்கினார்.

சத்தம் கேட்டுச் சூசைதாசனின் மனைவி அற்புதராணி எதிர்க்கடையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ அண்ணை! தங்கமான பெட்டியை ஏன் இப்பிடி வெட்டிக் கொத்தி வைச்சிருக்கிறியள்?"

"உங்கடையைப் போல விரலிலை எழும்பவேணுமெண்டுதான், தங்கச்சி."

அற்புதராணி தலையில் கை வைத்தாள். "உங்கடை பெட்டிக்குத்தான் ஆக்கள் வருகினமெண்டு எரிச்சலிலை, அந்த மனுசன் என்னையும் ரெண்டு வெங்காய மூட்டையையும் பெட்டியின்ரை பின்பக்கத்திலை ஒளிச்சு வைச்செல்லோ அண்ணை தூக்கிக் காட்டினவர்!"