ஓட்டைக் கிராணியும் ஒன்பதாவது டிரம்மும்

ஒரு நஞ்சு ஒழிந்துவிட்டது என்று கையெழுத்திடுகிறவன் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டுமா, அல்லது பார்த்தவர் சொல்லை நம்பினால் போதுமா?

எண்பதுகளில் நான் மலேசிய வெளியுறவுத் துறையில், இரசாயன ஆயுத ஒழிப்புப் பிரிவில் இளநிலைக் கொள்கை அதிகாரியாக இருந்தேன். ஜெனிவாப் பேச்சுவார்த்தையில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பெரிய நாடுகள் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டன. உலகத்திலேயே இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்து ஸ்டோரில் எழுத்தராக இருந்தார். எழுத்தரைத் தோட்டத்தில் கிராணி என்பார்கள். இவருக்கு ஊர் வைத்த பெயர் ஓட்டைக் கிராணி.

பூச்சிக்கு அடிக்கிற மருந்துகளில் சில, போர்க்களத்து நரம்பு நஞ்சுகளுக்கு நெருங்கிய உறவு. அவற்றைத் தோட்டங்கள் எப்படிக் கையாளுகின்றன என்று அறிக்கை எழுதத்தான் என்னை மலைக்கு அனுப்பினார்கள். போன முதல் நாளே கிராணி என்னை ஒரு காலி டிரம்மின் முன்னால் நிறுத்தினார். கடப்பாரையால் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஓட்டைகள். பிறகு சாட்சிகள் இருவர் ஓரடி தள்ளிக் குனிந்து, ஓட்டை வழியே பார்க்க வேண்டும்.

“வெளிச்சம் தெரியுதா?”

“தெரியுது ஐயா.”

“சத்தமாச் சொல்லுங்க தம்பி. ஜெனிவாவுக்குக் கேக்கணும்.”

அதற்குப் பிறகுதான் நோட்டில் கையெழுத்து. கூடையோடு அந்தப் பக்கம் போகும் பெண்கள் சும்மா போக மாட்டார்கள்.

“கிராணி ஐயா, உங்க வீட்டு இட்லித் தட்டுல ஓட்டை போட்டதும் நீங்கதானாமே?”

“அதுக்கும் ரெண்டு சாட்சி இருக்கு. வந்து நோட்டைப் பாரு லா,” என்பார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

ஒருமுறை தோட்டத்து மேனேஜர் துரை ஆசையாக வாங்கிய பூவாளியை யாரோ தெரியாமல் ஸ்டோருக்குள் வைத்துவிட்டார்கள். மறுநாள் அதில் மூன்று ஓட்டைகள். துரை குதித்தபோது, “உள்ள வந்துட்டா எல்லாம் மருந்துச் சாமான்தான் துரை” என்றாராம். தன் தேநீர்ப் பிளாஸ்க்கை மறந்து உள்ளே வைத்த நாளில் அதற்கும் அதே தண்டனை கொடுத்தார். இரண்டு சாட்சிகளை அழைத்துத்தான்.

நானும் சிரித்தேன். காரணத்தைக் கேட்ட பின் சிரிப்பு நின்றது. எழுபதுகளில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க அவரே ஒரு காலி டிரம்மைக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு பிள்ளை திரும்பி வந்தது. “நல்ல மனசோடதான் குடுத்தேன் தம்பி,” என்று சொல்லிவிட்டு அவர் கடப்பாரையைத் துடைத்தார்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. மண் சரிந்து லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. வியாழக்கிழமை ஒன்பது டிரம்கள் வரிசையில் நின்றன. ஐந்து முடிந்தபோது துரையிடமிருந்து டெலிபோன் வந்தது. “மீதியை நீங்க பாத்துக்குங்க தம்பி,” என்று சொல்லிவிட்டுக் கிராணி ஆபிசுக்கு ஓடினார். அவருக்குப் பதிலாகக் கடப்பாரை பிடித்தவர் வீரப்பன், மருந்தடிக்கும் தொழிலாளி; அன்றைக்கு இன்னொரு சாட்சியும் அவர்தான்.

“நீங்க ஏன் சார் நனையிறீங்க? நாலுதானே, நான் போட்டுடறேன். போய்ச் சூடா ஒரு தே குடிங்க லா.”

குளிரில் என் பற்கள் தாளம் போட்டன. ஒரு தொழிலாளியின் சொல்லைச் சந்தேகிப்பது அவரை அவமதிப்பதாகும் என்று கொள்கை வேறு பேசிக்கொண்டேன். ஒன்பது டிரம்களுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தே குடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வீரப்பன் மகளுக்குக் கல்யாணம். கிராணியும் நானும் போயிருந்தோம். பந்தலுக்குப் பின்னால் வெள்ளைச் சாயம் அடித்து, மாவிலை கட்டி, ‘நல்வரவு’ என்று எழுதிய ஒரு டிரம்மில் தண்ணீர் நிறைந்திருந்தது. சமையல்காரர் உலை வைக்க வாளியை எடுத்தார். கிராணி டிரம்மைச் சுற்றி வந்தார். மேலே, நடுவில், அடியில் தடவிப் பார்த்தார். பிறகு முழு பலத்தோடு அதைச் சாய்க்கப் போனார்.

“யோவ் கிராணி! எம் பொண்ணு கல்யாணத்துலயா உம்ம விளையாட்டு?” வீரப்பன் பாய்ந்து வந்து தடுத்தார். “நேத்து பூரா உள்ள பூந்து சோப்பு போட்டுத் தேச்சேன்யா. பாருங்க!” ஒரு செம்பு மொண்டு, எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். கிராணி டிரம்மைக் கவிழ்த்தார். சம்பந்திகள் கால் நனைந்து, பந்தலே அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் தன் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் தூக்க ஆள் அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை.

தாலி ஏறி அரை மணிக்குள் வீரப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் நீர் ஒழுகியது. கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. அந்த அறிகுறிகள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். போர் பற்றிய கோப்புகளில் படித்தவை. அவற்றை ஒரு கல்யாணப் பந்தலில், வேட்டி கட்டிய தகப்பனின் முகத்தில் பார்ப்பேன் என்று எந்தக் கோப்பும் சொல்லவில்லை.

காய்கறி லோரி ஒன்றை மறித்துத் தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடித்ததைவிட, தேய்க்கும்போது தோல் வழியே ஏறியதுதான் அதிகம் என்றார் டாக்டர். உயிர் பிழைத்தது. மகளை வழியனுப்ப அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் கையில் வந்த நடுக்கம் நான் மலையைவிட்டு இறங்கும்வரை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிராணியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நான் அந்த டெலிபோனுக்குப் போயிருக்கக் கூடாது தம்பி.”

அவர் சொன்னது அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துரை அவரை ஸ்டோரிலிருந்து நீக்க முடிவு செய்திருந்தார். நோட்டில் ஒன்பதுக்கும் ஓட்டை என்று இருக்கிறதே, ஒன்பதாவது ஓட்டையில்லாமல் கல்யாணத்துக்கு வந்திருக்கிறதே, அப்படியானால் நோட்டை வைத்திருப்பவர் பொய்யர் என்பது அவர் வாதம். பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான்தான் என்று எழுதி, துரைக்கு ஒரு பிரதி, என் மேலதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கிராணியின் வேலை தப்பியது. என் பதவி உயர்வு தப்பவில்லை.

அதன்பின் நேரில் பார்க்காத எதற்கும் நான் கையெழுத்திட்டதில்லை. நான் தயாரித்த ஒவ்வொரு வரைவிலும், அழிப்பு நடக்கும் இடத்தில் சாட்சி நிற்க வேண்டும் என்ற வரி இருந்தது. சக அதிகாரிகள் அடித்துவிடுவார்கள், நான் மறுபடி எழுதுவேன். பிடிவாதக்காரன், சந்தேகப் பிராணி, கூட வேலை செய்ய முடியாதவன் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். அந்த மலை மனிதரின் சாயல் எனக்கும் வந்துவிட்டதோ என்று அப்போது தோன்றும். அது எனக்குப் பிடித்திருந்தது.