மூக்கில் ஐம்பது கிராம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலம் என்று மகள் சொன்னாள். நாம் இருவரும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளாததால் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நலமில்லாமல் கிடப்பது தாங்கள் வரைந்து கொடுத்த விமானம் ஒன்றுதான். வரைபடத்தை இத்துடன் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். காரணத்தைச் சொல்லாமல் அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்பதால் இவ்வளவு பக்கம்.

போன முறை தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்களே செய்த விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினீர்கள். உடம்பு கிடையாது, வால் கிடையாது. ஒரு மீட்டர் அகலத்துக்கு வெறும் இறக்கை, அதன் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி, அவ்வளவுதான். வால் எங்கே என்று கேட்டேன். "தேவைப்படலை சம்பந்தி" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீடு திரும்பிய பிறகும் எனக்கு அதே யோசனை. காக்கைக்கு வால் இருக்கிறது, மீனுக்கு இருக்கிறது, பட்டத்துக்குக்கூடத் துணியைக் கிழித்து ஒன்று கட்டுகிறார்கள். இது மட்டும் எதை நம்பி நேராகப் போகிறது? பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வரைபடம் போட்ட தங்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியே ஓய்வு பெற்ற எனக்கு அப்படி இல்லை. அதனால்தான் வாயை விட்டு வரைபடத்தைக் கேட்டேன். மோட்டாரையும் ரிமோட்டையும்கூடச் சேர்த்துக் கொடுத்தீர்கள்.

வேலையைக் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தேன். புது ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மோகோலைச் சூடான கம்பியால் இறக்கையாக அறுத்தேன், கம்பி இறக்கையோடு நிற்காமல் சாப்பாட்டு மேஜையையும் கொஞ்சம் அறுத்தது, அந்தக் கோட்டை மறைக்க விரிப்பு போட்டேன், எப்போதும் இல்லாத விரிப்பு இப்போது எதற்கு என்று என் மனைவி தூக்கிப் பார்த்தாள், அதற்குப் பிறகு விமான வேலை முழுவதும் குளியலறைக்கு வெளியே இருக்கும் நடையில்தான் நடந்தது. பின்விளிம்பில் இரண்டு மடல்கள் வைத்தேன். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் விமானம் ஏறும், ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்தால் திரும்பும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஜோடி மடல் இரண்டு வேலையும் பார்க்கிறதே என்று ரிமோட்டை அசைத்து அசைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலைக்கு இரண்டு பேர் இருந்தோம்.

எறிந்து கொடுப்பதற்கு மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்தார். முதல் நாள் மேலே போகச் சொன்னேன், கீழே போனது. மடல்களின் கம்பியை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அதைச் சரிசெய்த பிறகு நடந்தவை என் தவறு அல்ல. கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், தூக்கிக்கொண்டே போகும், அப்படியே நின்று யோசிக்கும், பிறகு மல்லாந்து பின்னால் விழும். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "வேர்ல ஒண்ணும் இல்ல சார், ஒட்டிடலாம்" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு நுனியிலிருந்து பின்விளிம்பு வரை முப்பத்தாறு சென்டிமீட்டர். அதில் பாதி பதினெட்டு. அங்கே இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் ஆடாமல் நிற்கும்படி பேட்டரியை நகர்த்தி அமைத்திருக்கிறேன். ஒரு தராசு அப்படி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவேன். தங்கள் வரைபடத்திலோ விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி பதினாறரையில் இருக்கிறது. கை தவறியிருக்கும் என்று நினைத்துத்தான் போன் செய்தேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "புள்ளி சரிதான். மூக்குல ஒரு அம்பது கிராம் வைங்க, பறக்கும்" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தராசு வேற, விமானம் வேற சம்பந்தி" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

சம்பந்தி, முப்பத்திரண்டு வருடம் நான் பிடித்ததெல்லாம் இதைத்தான். தட்டுக்கு அடியில் மெழுகு, தண்டுக்குள் ஈயம், காந்தத் துண்டு. ஒரு பக்கம் மட்டும் ஐம்பது கிராம் ஒளித்து வைத்தவர்களின் தராசை எத்தனை தடவை பறிமுதல் செய்திருப்பேன். அதே காரியத்தை என் வீட்டு நடையில் உட்கார்ந்து நானே செய்ய வேண்டுமா?

ஆனாலும் ஒரேயடியாக மறுக்கவில்லை. அட்டையில் அதே வடிவத்தைச் சின்னதாகப் பதினொன்று வெட்டி மாடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக விட்டேன். பத்து சுருண்டு விழுந்தன. நுனியில் என் மனைவி ஊக்கு குத்தி வைத்திருந்த ஒன்று மட்டும் நேராக வாசல் வரை போய் அங்கே காத்திருந்த டாக்டரின் நோயாளி மடியில் இறங்கியது. "அது நல்லாத்தானே போச்சு?" என்றாள். அட்டையில் ஊக்கு இருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றேன். அவள் ஊக்கைக் கழற்றிக்கொண்டு போனாள்.

நேற்று மகள் போனில் அழுதாள். "ஒரு தெர்மோகோலுக்காக ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க. அங்க மாமா உங்களப் பத்திக் கேக்கிறாரு, இங்க நீங்க அவரப் பத்திக் கேக்கறீங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" என்றாள். எனக்கு மனசு கனத்துவிட்டது. அவள் கேட்டது நியாயம். ஆனால் நானும் என்ன செய்வேன்? அந்தப் புள்ளி சரியென்றால் நடு என்று நான் நம்பிய இடம் நடுவே இல்லை என்று ஆகிறது. இந்த வயதில் அதை எங்கே போய்க் கேட்பது? ஆகவே புள்ளி தவறு என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அது முடியாதென்றால் மோட்டாரையும் ரிமோட்டையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறேன். விமானத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத தங்கள் சம்பந்தி,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: எந்தக் கடிதத்தையும் நிறுத்துப் பார்க்காமல் நான் தபாலில் போடுவதில்லை. இதைத் தங்கள் வரைபடத்தோடு சேர்த்து மடித்துத் தட்டில் வைத்தேன். முள் ஐம்பதில் நின்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஐம்பதேதான். அந்தத் தராசுக்கு முத்திரை குத்தியவன் நான், அதைச் சந்தேகப்பட முடியாது.

மூக்கில் எடையை ஒளித்து வைத்தால் மோசடி. கடிதத்தை வைத்தால் அது சரக்கு. விமானம் தபால் சுமப்பதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? டாக்டரை ஒரு பல்லின் நடுவில் எழுப்பி அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கடிதத்தை மூக்குக்குள் திணித்து டேப் ஒட்டி, விரலை வைத்துத் தூக்கினேன். தங்கள் சிவப்புப் புள்ளியில் அசையாமல் நின்றது.

டாக்டர் எறிந்தார். அது மூக்கைத் தூக்கவில்லை சம்பந்தி. ஏதோ வேலை இருப்பதுபோல நேராகப் போனது. திரும்பச் சொன்னேன், திரும்பியது. ஆறு நிமிடம் பறந்தது. அதில் நாலு நிமிடம் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. டாக்டர்தான், "லெஃப்ட் சார், லெஃப்ட்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்னும் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் வந்து உட்கார்ந்து, போனை வைக்காமல், முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆகையால் மேலே எழுதியிருப்பவை எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் இது பறக்காது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டுவந்து உங்கள் கையால் மூக்கில் வையுங்கள். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கும் இந்தத் தாள் மட்டும் நாலு கிராம் கூடுதல். இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.