கரிக்கோச்சியில் பொம்பிளை பார்த்தது

கோலியர்ஸ் வுட், லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கிருஷ்ணராசா அத்தானுக்கு,

ஹரோவில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வெஸ்ட் ஈலிங் அம்மன் துணை நிற்கட்டும். எங்கள் சுகம் நேற்றுக் காலை வரைதான். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மகன் டெனுசனுக்கு முப்பத்துநாலு வயது. இந்தச் சம்பந்தமும் தவறினால் என் மனிசி செல்வமலர் சாப்பாட்டை விட்டுவிடுவாள், எனக்கும் சமைக்கமாட்டாள். அதனால்தான் உங்கள் திட்டத்துக்குத் தலையாட்டினேன். விக்டோரியா ஸ்டேசனில், உல்லாசப் பயணத்துக்கு விடுகிற அந்தப் பழைய நீராவிக் கரிக்கோச்சியில் ஏற வேண்டும், மூன்றாம் பெட்டியில் பச்சைச் சேலையோடு பொம்பிளையின் தாய், சிவானந்தனின் மனிசி, இருப்பா, இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் நடிக்க வேண்டும், கல்யாணம் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் படம் மாற்ற வேண்டாம், நேரில் பார் என்றதும் நீங்கள்தான்.

பச்சைச் சேலை இருந்தது அத்தான்! பக்கத்தில் கண்ணாடி போட்ட பெண்பிள்ளை. பெடியனை அவளுக்கு முன்னால் இருத்திவிட்டு நான் தகப்பனைப் பிடித்துக்கொண்டேன், செல்வமலர் கட்லட் பரிமாறினாள், கோச்சி கூவியது, யன்னலால் வந்த கரி என் வெள்ளைச் சேட்டில் குந்தியது, எனக்கோ சந்தோசத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டில் வாயே திறக்காத எங்கள் டெனுசன் அவளுடைய கண்ணாடியைத் துடைக்கத் தன் கைலேஞ்சியைக் கொடுத்து, நீராவி எப்படிச் சில்லைச் சுழற்றுகிறது என்று ஒரு மணித்தியாலம் விளக்கினான். அந்தப் பிள்ளையும் கேட்டது! இனி என்ன நடிப்பு என்று தகப்பனின் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, எங்களுக்கு முழுச் சம்மதம். ஆவணியில வைப்பமே?"

"என்னத்தை சார் வைக்கணும்?"

சார்! அதுவரை நான் அவரைப் பேச விட்டால்தானே. அவர் மதுரைக்காரர், பாலசுப்பிரமணியன். மகள் ஸ்ரீநிதி. மகன் சஞ்சய், வளைவில் எஞ்சினைப் படமெடுக்கவென்று கமராவோடு பின்பெட்டிப் பக்கம் போயிருந்தானாம். நான் பெட்டியை முன்னாலிருந்து எண்ணிவிட்டேன். நீங்கள் சொன்னது பின்னாலிருந்து. இறங்கி ஓடிப் பார்த்தால் சிவானந்தன் குடும்பம் போய்விட்டது.

அத்தான், அவரிடம் மன்னிப்புக் கேட்டு இன்னொரு நாள் வாங்கித் தாருங்கள். இந்தமுறை கோயிலில் வைப்போம், அது ஓடாது.

அக்காவின் முழங்கால் நோ மாற வேண்டிக்கொண்டு,
இன்னும் கரி கழுவிக்கொண்டிருக்கும் மைத்துனன்
சற்குணம்.

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் சிவானந்தன் போன் எடுத்தார். "உங்கட பெடியனை நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஆறடி, தாடி, கையில கமரா! மகளும் ஓமெண்டிட்டா. தாய் தேப்பன் ஒதுங்கி நிண்டு பெடியனைத் தனிய விட்டது பெரிய நாகரிகம்." டெனுசன் ஐந்தடி நாலு, அத்தான், தாடி முளைக்காது. நான் போனை வைக்க அவன் மேலேயிருந்து இறங்கி வந்தான். "அப்பா, வேற பொம்பிளை பாக்க வேண்டாம். ஸ்ரீநிதி மெசேஜ் போட்டிருக்கிறா." ஆகவே மன்னிப்பு வேண்டாம், மண்டபம் இரண்டாகப் பாருங்கள். சஞ்சய்க்குத்தான் இன்னும் ஒன்றும் தெரியாது. அதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.