சாமிதுரை கெடுத்த நூடுல்ஸ்

மனைவி படிக்கக் கிளம்பினால் புருஷன் எதிர்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டு, பிறகு கவிழ்க்க வேண்டும். சாமிதுரை இந்த ஞானத்தை அடைந்தது ஒரு வியாழக்கிழமை, மோர்க்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது.

மலர்க்கொடிக்கு குரூப் ஃபோர் பரீட்சை எழுத ஆசை. பெரம்பலூரில் ஞாயிறுதோறும் பயிற்சி வகுப்பு. அரியலூரில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். சாமிதுரைக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைத் தவிர. ஆறு நாள் சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடை போடுகிற மனுஷன். ஏழாம் நாள் குழம்பை நம்பித்தான் அந்த ஆறு நாளும் மூச்சு விட்டார்.

"ஏங்க, இந்த ஒரு ஞாயிறு பாப்போம். மத்தியானச் சாப்பாட்ட நீங்க பாத்துக்கிட்டா நான் சேர்றேன். சரிப்பட்டு வரலன்னா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"இதுல என்னா இருக்கு? நீ போயிட்டு வா மலரு. நான் ஆக்கிடுறேன்."

"நெசமாவா?" மலர்க்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். "அவரே ஆக்குறாராம்க்கா! எந்தப் புருசன் இப்புடிச் சொல்லுவான்?"

சாமிதுரைக்குச் சுருக்கென்றது. கறிக்குழம்பை நினைத்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார்.

கெடுப்பது என்று முடிவாயிற்று. எதைக் கெடுப்பது? சோறு குழைந்தால் தயிர் ஊற்றித் தின்றுவிடுவார்கள். சனிக்கிழமை வரை யோசித்து யோசித்து மண்டை காய்ந்த நேரத்தில், பத்தாவது படிக்கும் மகள் கலையரசி செல்போனை நீட்டினாள்.

"அப்பா, தாய்லாந்து நூடுல்ஸ். ஒரே பாத்திரம், இருவது நிமிசம். நாளைக்கு இத பண்றீங்களா?"

மகளைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது அவருக்கு. கெட்டுப்போனால் பழி தாய்லாந்து மேல்! உடனே கடைத்தெருவுக்குப் போய் அரிசி நூடுல்ஸ் பாக்கெட் இரண்டு வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை மலர்க்கொடி பஸ் ஏறினாள். பதினொரு மணிக்குச் சாமிதுரை கைலியை மடித்துக் கட்டினார். வீடியோவில் பேசிய பெண்ணின் பாஷை அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் வரை பார்த்துவிட்டு வீடியோவை அணைத்துவிட்டார்.

நூடுல்ஸைப் போட்டார். ராத்திரி ரசத்துக்கு ஊறிக்கொண்டிருந்த புளியைக் கரைத்து, ஒரு கிண்ணம் ஊற்றினார். அது போதாதென்று உருண்டை வெல்லம் ஒன்றைப் போட்டார். ரசம் லேசாக இனித்ததற்காக மச்சான் வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போனவர் அவர்! இடியாப்பத்துக்குப் பிழிந்ததில் மிஞ்சிய தேங்காய்ப்பாலும் உள்ளே போயிற்று. ஏழு பச்சை மிளகாய். அதன் தலையில் எலுமிச்சம்பழம். கடைசியில், பல்லில் மாட்டிக்கொள்ளட்டும் என்று வறுத்த வேர்க்கடலையை இடித்துத் தூவினார். இதற்கு மேல் ஒரு உணவைக் கெடுக்க மனித யத்தனத்தால் ஆகாது.

"கலை, உள்ளத சொல்லணும். அப்பா மனசு நோவும்னு பாக்காத."

கலையரசி ஒரு வாய் தின்றாள். கண் விரிந்தது.

"புளிக்குதா?"

"புளிக்குது."

"இனிக்குதா?"

"இனிக்குது."

"உறைக்குதா?"

"உறைக்குதுப்பா. அதான் செமையா இருக்கு!"

சாமிதுரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு ஜெயசித்ரா கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "அண்ணே, வாசன எங்க வூடு வரைக்கும் வருது. ஒரு கரண்டி குடுங்க."

மலர்க்கொடி வருவதற்குள் பாத்திரம் காலியானால் போதும் என்று நாலு கரண்டி அள்ளிக் கொடுத்தார். மிச்சத்தைக் கலையரசி அம்மாவுக்கென்று மூடி வைத்துவிட்டாள்.

முதல் நாள் என்பதால் வகுப்பு சீக்கிரம் முடிந்து, இரண்டரைக்கெல்லாம் மலர்க்கொடி வந்துவிட்டாள். தட்டில் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய்.

"பதினாறு வருசங்க. வெளிய போயிட்டு வந்து, ஒருத்தர் போட்டுக் குடுத்து நான் உக்காந்து சாப்புடுறது இன்னிக்குத்தான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க."

சாமிதுரை இடிந்துபோனார். அவருடைய காலை ஷிப்டுக்காக விடியுமுன் எழுந்து அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ்கள் எத்தனை! ஒரு நாளாவது அவர் நன்றி என்று சொன்னதுண்டா? நன்றி சொல்ல வேண்டியது அவரல்லவா?

"மலரு, நான்தாம்மா ஒனக்கு நன்றி சொல்லணும். நீ கிளாசுக்குப் போ. இன்னொண்ணு... இத நான் கெடுக்கணும்னுதான் ஆக்குனேன்."

கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தார். மலர்க்கொடி பாத்திரத்தை வழித்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"தெரியுங்க. கறிக்கொழம்ப அவ்வளவு சுளுவா விட்டுக் குடுக்குற ஆளா நீங்க? அதான் புளிப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் சேந்தாத்தான் ருசிக்கிற, கெடுக்கவே முடியாத சமையலா தேடிக் கண்டுபுடிச்சு கலைகிட்ட குடுத்தேன். அடுத்த ஞாயித்துக்கும் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."