அம்மாட்டைப் போகவேணுமாம்

வாசகரே, இன்று நாம் பார்க்கப்போவது 'உதவி செய்யும் தகப்பன்' என்ற இனத்தை. தேடிக் களைக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்த ஏதாவதொரு வீட்டுக்குப் போய் மணியை அடியுங்கள். குழந்தையைத் தோளில் போட்டபடி, களைத்த ஒரு புன்னகையோடு கதவைத் திறப்பவர் அவர்தான். நீங்கள் விடைபெற்றுப் படியிறங்கி முடிப்பதற்குள் குழந்தை தாயின் கைக்குப் போயிருக்கும்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்துச் சாருஜனை எடுத்துக்கொள்வோம். மகள் பிறந்ததும் அவர் எல்ரன்சைற் எடுத்தார்; பிள்ளையைப் பார்ப்பதற்காகத் தகப்பனுக்கும் இந்த நாடு கொடுக்கிற விடுப்பு அது. விடுப்புக் கிடைத்த அன்றே குடும்பக் குழு, கோயில் குழு, பழைய உதைபந்தாட்டக் குழு எல்லாவற்றிலும் செய்தி போட்டார்: "துஷானிக்கு உதவியா நிக்கிறன்." உதவியாம். பிள்ளை என்னவோ மனைவி துஷானி தனியாக ஏற்றுக்கொண்ட குத்தகை போலவும், இவர் கைகொடுக்க வந்த அயலவர் போலவும்.

அன்றிலிருந்து அவர் வாயில் 'நாங்கள்' என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லை. நாங்கள் பால் குடுக்கிறம், எங்களுக்கு நித்திரை இல்லை, எங்களுக்குத் தையல் இன்னும் நோகுது. தையல் எங்கே என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற மருத்துவிச்சி துஷானியிடம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் இவரே பதில் சொல்வார். தாய்ப்பாலின் மகிமை பற்றி அந்த அம்மாளுக்கே வகுப்பு எடுப்பார். பிள்ளைக்குக் கட்டுகிற பம்பஸின் முன்பக்கம் எது என்பது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிள்ளை பார்க்க வந்த குணேஸ்வரி அக்கா உருகிப்போனார்.

"எங்கடை காலத்து ஆம்பிளையள் பிள்ளையை எட்டியும் பாக்கமாட்டினம். இவர் தங்கமான பெடியன்."

தங்கமான பெடியன் தலையைக் குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகு சீரகம் அரைத்து அக்கா கொண்டுவந்த சரக்குக்கறியிலும் பாதியை வாங்கிக்கொண்டார். அதுவும் 'எங்களுக்கு'த்தானே.

ஆனால் அவருடைய தனித் திறமை மொழிபெயர்ப்பு. குழந்தை பசித்து அழுதாலும், நனைந்து அழுதாலும், வயிறு ஊதி அழுதாலும், பொழுது போகாமல் சும்மா சிணுங்கினாலும், காதைப் பக்கத்தில் கொண்டுபோய் ஆழ்ந்து கேட்டு, தலையை ஆட்டி, எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் மொழிபெயர்த்துவிடுவார்.

"அம்மாட்டைப் போகவேணுமாம்."

துஷானி கேட்டது ஒரு மணித்தியால நித்திரை. பூங்கொத்தோ பாராட்டோ அல்ல, இடையில் எழும்பாத ஒரு மணித்தியாலம். "நான் பாக்கிறன்தானே, நீர் போய்ப் படும்" என்று சாருஜனும் தாராளமாகச் சொல்வார். அவள் போர்வையை இழுத்து மூடுவதற்குள் மொழிபெயர்ப்பு கதவடியில் வந்து நிற்கும். இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது? திட்டவும் ஏலாது, ஊரே மெச்சுகிறது.

கடைசியில் பெண் வைத்தியரிடம் ஒரு ரெர்மின் வந்தது. ரெர்மின் என்றால் தெரியுமல்லவா, முன்பே குறித்துத் தந்த நேரம். இந்த நாட்டில் சாமியைக் காக்கவைக்கலாம், அதைக் காக்கவைக்க ஏலாது. துஷானி பாலை எடுத்துப் போத்தலில் வைத்து, சூடாக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் தனியே போனாள். வைத்தியர் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டதால் தாமதமாகும் என்றார்கள். காத்திருந்த பெண்கள் எல்லோரும் முகம் சுளிக்க, துஷானி மட்டும் சுவரில் தலையைச் சாய்த்தாள். சாய்த்த கையோடு உறங்கிப்போனாள்.

வீட்டில் குழந்தை அழுதது. போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபடியே இருந்தது. சாருஜன் காதைக் கொடுத்துக் கேட்டார், தலையை ஆட்டினார், தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ட்ராம் ஏறினார்.

அவர் நுழைந்ததும் காத்திருப்பு அறையே நெகிழ்ந்தது. எவ்வளவு அருமையான அப்பா என்று ஒரு ஜெர்மன் மூதாட்டி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவர் காதில் தேனாக விழுந்தது. மனைவியின் தோளைத் தட்டினார்.

"துஷானி, இஞ்சை பாரும். அம்மாட்டைப் போகவேணுமாம்."

அவள் கண்ணைத் திறந்து, இந்த மனிதர் யார் என்று தெரியாதவள் போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண் கலங்கியது. அவர் அதைக் காணவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிற பக்கமாக நின்று மூவரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிகிறது, வாசகரே.

வயிறு எரிந்த இன்னொருத்தியும் அங்கே இருந்தாள். வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பிருந்தா.

வைத்தியரைப் பார்த்துவிட்டு அவர்கள் போகும்போது, "அக்கா, அடுத்த கிழமையும் உங்களுக்கு ஒரு ரெர்மின் இருக்கு" என்றாள். "நீங்கள் மட்டும்தான் வரலாம். பிள்ளையைக் கொண்டுவர ஏலாது."

"என்ன ரெர்மின்?" என்று சாருஜன் கேட்டார்.

"முக்கியமான ரெர்மின், அண்ணை."

அவர் மறுபேச்சில்லாமல் அதைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை, பின்னறையில் திரையை இழுத்துவிட்ட ஒரு கட்டிலில், பிருந்தா கொண்டுவந்து கொடுத்த போர்வைக்குள் துஷானி தூங்கினாள். வீட்டில் குழந்தை அழுதது. சாருஜன் தள்ளுவண்டியைப் பார்த்தார். ஏலாது, ரெர்மின். போத்தலைப் பார்த்தார். மெல்லக் காதைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார். முகம் தெளிந்தது. தன் தமக்கை பிரபாலினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, இப்ப வீட்டை நிக்கிறியளோ? பிள்ளைக்கு மாமியிட்டைப் போகவேணுமாம்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், சாருஜனுக்கும் இதை அனுப்பினேன், அவரும் சிரித்தார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் கேட்பது ஒன்றுதான். இதை முதல் வரியிலிருந்து இந்த வரி வரைக்கும் எழும்பாமல், ஆறுதலாக இருந்து வாசித்தீர்களே, இவ்வளவு நேரமும் உங்கள் பிள்ளை யாரிடம் இருக்கிறது?