குட்டி வாசித்த முதல் பக்கம்

பெருமதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், இவர், குட்டி மூவரும் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் பெரியம்மாவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை வேலை காலியாக இருக்கிறது, தலைமையாசிரியையிடம் பேசி வைத்திருக்கிறேன், ஒரு வாரத்துக்குள் பதில் போடு என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்து இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். காரணம் கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படிக்கவும்.

நான் வாசிப்பது சமகாலச் செவ்வியல் இசை என்று உங்களுக்குப் பலமுறை சொல்லி, நீங்களும் பலமுறை பேச்சை மாற்றியிருக்கிறீர்கள். மற்ற சங்கீதத்துக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம், இதை எழுதியவர் உயிரோடு இருப்பார். காலமானவர்கள் தொந்தரவு தர மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் காலை ஏழு மணிக்குப் போன் பண்ணி, "மூணாம் பக்கத்துல மூச்சை இன்னும் கொஞ்சம் கவலையா விடுங்க" என்பார். கவலைப்பட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? இப்போதைய ஆளை நாங்கள் தாடிக்காரர் என்போம். என் மேல்நாட்டுப் புல்லாங்குழலுக்கென்று இருபது நிமிஷப் படைப்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் முதல் பக்கம் முழுக்க ஒரு ஸ்வரம்கூட ஊத வேண்டியதில்லை. குழல் மேலிருக்கும் விசைகளைத் தட்டினால் டக். துளையை நாக்கால் அடைத்தால் த்தப். வெறும் காற்றை விட்டால் ஹ்ஹ்ஹா. இதை நாலு மாசம் வீட்டில் சாதகம் பண்ணினேன், குட்டி அந்த நாலு மாசமும் என் காலடியிலேயே தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அங்கேதான் வினை. குட்டிக்கு ஒரு வயசு நாலு மாசம். பக்கத்து வீட்டுப் பொடியன் அவளைவிட ஒரு வாரம் சின்னவன், அம்மா, அப்பா, பால், பந்து, போடி என்று ஐந்து வார்த்தை பேசுகிறான். நம்ம வீட்டு மகாராணி டக், த்தப், ஹ்ஹ்ஹா, இந்த மூன்றோடு சரி. பசித்தால் டக், கோபம் வந்தால் த்தப், என்னைப் பார்த்தால் ஹ்ஹ்ஹா. காதில் கோளாறா தொண்டையில் கோளாறா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரை இழுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வீட்ல மரவேலை, குழாய்வேலை ஏதாவது நடக்குதா?" என்றார். "இல்ல டாக்டர், நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன்." "நல்லதாப் போச்சு, குழந்தை இனிமையா ஏதாவது கேட்டு வளரும். எங்கே, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க." இவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பையிலிருந்த குழலை எடுத்து முதல் பக்கத்தை வாசித்தேன். பாதியில் நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, "யாருக்கு டாக்டர் மூச்சுத்திணறல்?" என்று கேட்டாள். குட்டி எனக்குச் சமமாகப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். "காது பிரமாதமா இருக்கும்மா, அதுதான் பிரச்சினையே" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் மனுஷங்க பேசறதையும் கேட்கட்டும்."

இரண்டு நாளில் அரங்கேற்றம். குட்டியைப் பார்த்துக்கொள்வதாக இருந்த நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்துவிட, இவர் மடியில் குட்டி, மூன்றாவது வரிசை. அறுபது நாற்காலி, முப்பத்தோரு பேர். அந்தப் படைப்பு நாற்பது வினாடி மௌனத்தில் ஆரம்பிக்கும், நான் குழலை உதட்டில் வைத்தபடி மனசுக்குள் எண்ண வேண்டும். பன்னிரண்டு எண்ணியிருப்பேன். டக். மூன்றாவது வரிசையிலிருந்து. இவர் வாயைப் பொத்தப் போனார், கடித்துவிட்டாள். த்தப், டக், டக், ஹ்ஹ்ஹா என்று அவள் பாட்டுக்குப் போகிறாள் பெரியப்பா, எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துவிட்டது, ஆனா இந்த விரல் இருக்கே, வீட்டுல பழகின பழக்கம், அதுவா போய் அவளோட சேர்ந்துக்கிச்சு. அவள் முன்னே போக நான் பின்னாலேயே ஓடினேன். பக்கம் முடிந்ததும் கை நீட்டி பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டு அப்பா தோளில் தூங்கிப்போனாள். மீதிப் பத்தொன்பது பக்கத்தையும் தனியாக வாசித்து முடித்தேன். முப்பத்தோரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

உள்ளறைக்குத் தாடிக்காரர் பென்சிலும் கையுமாக வந்தார். "முதல் பக்கத்துல எட்டு தப்பு" என்றார். "மன்னிச்சுக்கோங்க சார், குழந்தைதான்..." "குழந்தை சரியா வாசிச்சா. எட்டும் உங்களோடது." அப்புறம் குனிந்து, தூங்குகிற குட்டியிடம், "ஆரம்பம் மட்டும் கொஞ்சம் அவசரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் பஸ்ஸில் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார், நான் அழுதுகொண்டே வந்தேன். நாளைக்குப் பள்ளியில் பேரென்ன என்று கேட்டால் த்தப் என்று சொல்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சொன்ன வேலைக்கு வருகிறேன். குழல் மூன்று நாளாக அலமாரியின் மேல்தட்டில் பூட்டிக் கிடக்கிறது. இது கதவு, இது கரண்டி என்று நாள் முழுக்க மனுஷப் பேச்சாகப் பேசி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குட்டி என்னைச் சுமாரான கச்சேரிக்கு வந்து மாட்டிக்கொண்ட ரசிகை மாதிரி பார்க்கிறாள். ஒன்றாம் தேதி சேருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுங்கள், சான்றிதழ் நகல்கள் இத்துடன் உள்ளன. பெரியம்மாவுக்கு என் அன்பு, மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லவும். எங்கள் மூவர் தலையிலும் உங்கள் கை எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத
தம்பி மகள்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது குட்டி அலமாரிக்குக் கீழே போய் நின்று, மேல்தட்டைக் காட்டி, "ஊது" என்றாள். முதல் வார்த்தை, பெரியப்பா. அம்மா என்றுகூட இல்லை, நேரே உத்தரவு. இவரும் கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன், "பேசிட்டாள்ல, அப்புறம் என்ன, ஊதுங்க" என்றார். ஊதினேன். கொஞ்ச நேரத்தில் தாடிக்காரர் கூப்பிட்டார், புதுசாக ஒன்று எழுதுகிறாராம், அவர் சொல்லி முடிக்குமுன் சரி என்றுவிட்டேன். ஒத்திகை ஒன்றாம் தேதி ஆரம்பம். தலைமையாசிரியையிடம் நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு உதவி. இந்தப் புதுப் படைப்பில், பெரியவர் ஒருவர் ரசிகர்களோடு உட்கார்ந்து, மூன்று இடத்தில் "இதெல்லாம் ஒரு சங்கீதமா" என்று உரக்கச் சொல்ல வேண்டுமாம். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எத்தனை ஒத்திகை வேண்டியிருக்கும் என்று கேட்டார். ஒன்றுகூடத் தேவைப்படாது என்று சொல்லிவிட்டேன்.